கலீபா ராவுத்தர்

கொல்லிமலையிலிருந்து கடுக்காய் இறங்கும் மாதங்களில் ரஹமத்துல்லா ராவுத்தரின் மண்டியில் கால் வைக்க இடமிருக்காது. மலைக்காரர்கள் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் கொண்டுவந்து கொட்டுவார்கள். ராவுத்தர் நல்லதையும் சொத்தையையும் பிரித்து, சாக்குப் பிடித்து, ஈரோட்டுத் தோல் ஷாப்புகளுக்கு வண்டியேற்றுவார். தோல் பதனிடக் கடுக்காய் இல்லாமல் முடியாது. அவருடைய அத்தா காலத்திலிருந்து நடந்துவந்த வியாபாரம். சேந்தமங்கலம் கடைவீதியில் அவரைப் பற்றிப் பேச அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை, 1920ஆம் வருஷம் வரைக்கும்.

அந்த வருஷம் அவர் தபாலில் வரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டினார். ஜெர்மன் சண்டையில் தோற்றுப்போன துருக்கியை வெள்ளைக்காரர்கள் பங்கு போடுகிறார்கள் என்று அதில் வந்தது. உலகத்து முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவரான கலீபாவை அவருடைய தலைநகரத்திலேயே வைத்து மடக்கிவிட்டார்கள் என்றும் வந்தது. ராவுத்தருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் மண்டி வாசலில் நின்று அதை உரக்கப் படித்தார். சரக்குப் போட வந்தவர்கள், வண்டிக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். படிக்கப் படிக்க அவருக்கே தெரியாமல் அவர் குரல் ஏறியது. தனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதை ராவுத்தர் அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்.

பிறகு அது தினப்படியாகிவிட்டது. சேலத்திலிருந்து ஒரு பெரிய தேசப்படம் வாங்கிவந்து மண்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். பத்திரிகைச் செய்தி தீர்ந்துபோன நாட்களில் பழைய சரித்திரத்தை எடுத்துக்கொள்வார். இஸ்தான்புல் கோட்டையைப் பிடிக்கத் துருக்கி சுல்தான் கப்பல்களை மலைமேல் ஏற்றி இறக்கிய கதைதான் எல்லோருக்கும் பிடித்தமானது.

மண்டிக்குத் தவறாமல் வருகிறவர் செல்லமுத்துக் கவுண்டர். காரவள்ளிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார். ராவுத்தருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

"ஏனுங்க ராவுத்தரே, கப்பலு எப்பிடீங்க மலையேறும்?"

"மரத்த வெட்டி வரிசையாப் போட்டு, அதும்மேல கொழுப்பும் எண்ணெயும் பூசி, மாடும் ஆளுமா இழுத்தாங்க கவுண்டரே. விடிஞ்சு பாத்தா, கோட்டைக்குள்ளாற இருக்கற தண்ணியில கப்பலு நிக்குது! கோட்டைக்காரன் மிரண்டு போயிட்டான்."

"இழுத்தது மாடுங்க. பேரு மட்டும் சுல்தானுக்குங்களா?"

கூட்டம் சிரிக்கும். ராவுத்தரும் சிரிப்பார். பிறகு படத்தில் விரலை வைத்து, இது ஸ்மிர்னா, இது அங்கோரா, இங்கேதான் துருக்கித் தளபதி கமால் பாட்சா படை திரட்டுகிறார் என்று காட்டுவார். "இதுல நம்ம சேந்தமங்கலம் எங்கீங்க?" என்று ஒருவர் கேட்டபோது மட்டும் அவர் விரல் தென்னிந்தியாவின் மேல் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, மறுபடி துருக்கிக்கே போய்விட்டது.

காந்தியும் அலி சகோதரர்களும் ஒத்துழையாமை என்றார்கள். ஊரில் கலீபாவுக்கு ஆதரவாகக் கிலாபத் கமிட்டி அமைந்தது. ராவுத்தர்தான் அதற்குக் காரியதரிசி. சிவப்புத் துருக்கித் தொப்பி ஒன்று வரவழைத்து அணிந்துகொண்டார். பக்ரீத் குர்பானித் தோல்களை விற்ற பணத்தைத் துருக்கிக்கு அனுப்பினார். நாமக்கல் கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது கடைவீதியில் யாரோ அன்பாக, "நம்ம கலீபா ராவுத்தர் வந்துட்டாருங்கோ" என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் மனசு குளிர்ந்தது.

அவர் மனைவி மஸ்தான் பீவிக்கு ஒரே தம்பி, ஹபீப். போலீஸில் கான்ஸ்டபிள். அடுத்த தெருவிலேயே, மனைவி மதீனா பீவியோடும் ஜொகரா என்ற ஐந்து வயது மகளோடும் குடியிருந்தான். அதிகம் பேசாத ஆள். காக்கி போட்டுக்கொண்டு நடந்தாலும் தலை குனிந்தே நடப்பான். அவன் யாரையும் அடித்ததாகவோ, லஞ்சத்துக்கு யாரிடமும் கை நீட்டியதாகவோ ஊரில் பேச்சில்லை. ஜொகராதான் ஓயாமல் பேசுவாள். மாமாவின் மண்டிக்கு ஓடிவந்து கடுக்காயைக் கடித்துவிட்டு, துவர்ப்பில் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு, மறுநாளும் வந்து கடிப்பாள்.

1921இல், முஸ்லிம்கள் வெள்ளைக்கார அரசாங்கத்தின் பட்டாளத்திலும் போலீஸிலும் வேலை பார்ப்பது பாவம் என்று வடக்கே பெரிய தலைவர்கள் கூடித் தீர்மானம் செய்தார்கள். செய்தி வந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ராவுத்தர் எழுந்து நின்றார். முந்தைய நாளே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கலீபாவின் கைகளில் விலங்கு பூட்டிய அரசாங்கத்தின் சம்பளம் நெருப்புக்குச் சமம் என்றார். அந்தச் சம்பளத்தை விடாதவன் வீட்டில் தண்ணீர் குடிக்காதீர்கள், அவன் வீட்டு நல்லது கெட்டதற்குப் போகாதீர்கள், அவனுக்குச் சலாம் சொல்லாதீர்கள் என்றார். எல்லோருக்கும் யாரைச் சொல்கிறார் என்று தெரியும். ஊர் ஜமாஅத்தில் போலீஸ்காரன் ஒருவன்தான்.

ஹபீப் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். மெதுவாக எழுந்தான்.

"மச்சான், நான் யாருக்காச்சும் கொடும செஞ்சிருக்கனா? இங்க இருக்கறவங்கள்ல யாரு வேணும்னாலும் சொல்லட்டும்."

முன்வரிசைக்காரர்கள் குனிந்து பாயைப் பார்த்தார்கள்.

"இந்த வேலைய உட்டா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க. துருக்கியும் எங்க இருக்குதுன்னு தெரியாது. தொழுகைய நான் உட்டதில்ல. அவ்ளோதான்."

"காக்கியா, கலீபாவா? ஒண்ணச் சொல்லு ஹபீபு" என்றார் ராவுத்தர்.

ஹபீப் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று மாலை கடைவீதியெல்லாம் ஒரே பேச்சு: சொந்த மச்சானையே விடவில்லை பார், கொள்கை என்றால் அப்படி இருக்க வேண்டும். அந்தப் பேச்சு ராவுத்தர் காதில் தேனாகப் பாய்ந்தது. வீட்டில் மஸ்தான் பீவி சோறு போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவர் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் ஜொகரா மண்டி வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். ராவுத்தர் அவளைப் பார்த்தும் பாராதவர் போலத் திரும்பி, சாக்குத் தைக்கிறவனிடம் எதையோ சொன்னார். மறுபடி பார்த்தபோது அவள் இல்லை.

அந்தத் தை மாதம் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. கிழக்குத் தெருவில் இரண்டு பேர் போனார்கள். மூன்றாவதாக ஜொகரா. காலையில் படுத்தவள் மாலைக்குள் அடங்கிவிட்டாள்.

மறுநாள் காலை, பள்ளிவாசல் மோதினார் மண்டிக்கு வந்தார். பாங்கு சொல்வது, பள்ளியைக் கூட்டுவது, மய்யித்துக்குச் சந்தூக் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. சந்தூக் என்பது மய்யித்தை, அதாவது இறந்த உடலை, வைத்துத் தூக்கும் பெட்டி. அது ஜமாஅத்துக்குப் பொது.

"ஹபீபு சந்தூக்கு கேட்டு ஆளனுப்பியிருக்கான். குடுக்கலாமுங்களா?"

ராவுத்தர் அப்போது கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். எதிரே சரக்குப் போட்டவர்கள் நின்றார்கள். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கொடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஜும்மாவில் தான் சொன்ன சொல்லைத் தானே மீறினால் இவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் அதைவிட வேகமாக வந்தது. அவர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். தட்டில் இன்னும் ஒரு கை கடுக்காய் அள்ளிப் போட்டார். பிறகு ஒரு கை எடுத்தார்.

மோதினார் தராசைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்று போய்விட்டார்.

வேண்டாம் என்று அவர் சொல்லவேயில்லை. பின்னாளில் எத்தனையோ தடவை தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு தடவைகூட அது அவருக்கு உதவவில்லை.

வெயில் ஏறியபோது ஹபீப் கடைவீதி வழியாக வந்தான். வெள்ளைத் துணியில் சுற்றிய மகளை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தான். அவனுக்குப் பின்னால், பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வந்தார். மய்யித்துத் தொழுகைக்கு யாருடைய கட்டுப்பாடும் கிடையாது என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் புறப்பட்டு வந்தவர். அவருக்குப் பின்னால் போலீஸ் ஸ்டேஷன்காரர்கள் இரண்டு பேர். கடைசியில் செல்லமுத்துக் கவுண்டர், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் மார்போடு. வழியில் ஹபீப் ஒரு தடவை நின்று, கைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டான். ஐந்து வயதுப் பிள்ளை ஒரே ஆளுக்குக் கனம்தான்.

ராவுத்தர் கடுக்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஹபீப் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லமுத்துதான் மண்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்குப் போனபோது மஸ்தான் பீவி முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"போயிட்டு வரட்டுங்களா?"

"ஊரு என்ன சொல்லும்? கொஞ்சம் பொறு."

"இன்னேரம் அடக்கம் பண்ணியிருப்பாங்க" என்றாள் அவள். கதவோரம் போய் உட்கார்ந்தாள். மறுநாள் விடிந்ததும் அவரைக் கேட்காமலே போய்விட்டு வந்தாள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நின்றிருப்பாளா என்பது அவருக்குத் தெரியாது.

சீக்கிரமே ஹபீப் மாற்றல் வாங்கிக்கொண்டு பள்ளிபாளையத்துக்குப் போய்விட்டான்.

1922 புரட்டாசியில், கமால் பாட்சா கிரேக்கர்களிடமிருந்து ஸ்மிர்னாவைப் பிடித்துவிட்ட செய்தி வந்தது. ஊரே கொண்டாடியது. ராவுத்தரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதியைச் சுற்றினார்கள். அடுத்த தெருவில், பூட்டிக் கிடந்த ஹபீப் வீட்டைத் தாண்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று தூக்கியவர்கள் நினைத்தார்கள். சில வாரத்தில் துருக்கிக்காரர்கள் சுல்தான் பட்டத்தை ஒழித்தார்கள். "பட்டந்தான் போச்சு, கலீபா இருக்காருல்ல" என்று ராவுத்தர் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் அவருக்கும் தேவைப்பட்டது. கலீபா இருக்கும் வரையில், ஜும்மாவில் பேசியதற்கும் தராசின் முன் பேசாமல் நின்றதற்கும் ஒரு காரணம் இருந்தது.

1924, மாசி மாதக் கடைசி. கடுக்காய்ப் பருவம் உச்சத்தில் இருந்தது. பத்திரிகை வந்ததும் வழக்கம்போல எல்லோரும் கூடினார்கள். ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் மனதுக்குள் ஓட்டினார். அங்கோரா சபை கூடிக் கலீபா பதவியையே ஒழித்துவிட்டது. வெள்ளைக்காரன் அல்ல, கிரேக்கன் அல்ல, துருக்கிக்காரர்களே ஒழித்திருக்கிறார்கள். கலீபாவையும் அவருடைய பெண்டு பிள்ளைகளையும் இரவோடிரவாகக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், ரயிலில் வைத்து நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். செய்தி அவ்வளவுதான். கால் பத்திகூட இல்லை.

அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

"என்னுங்க, இன்னிக்கு என்ன சேதி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் விசேஷமில்ல" என்றார். பக்கத்தைத் திருப்பி, பருத்தி விலையைப் படித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ரயில் தடம் புரண்டதைப் படித்தார். குரல் அவருடையதாகவே இல்லை. படித்து முடித்ததும் தாளை மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் செருகினார்.

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? அடுத்த சந்தைநாளில், மண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது, செல்லமுத்துக் கவுண்டர் நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கினார்.

"ஏனுங்க ராவுத்தரே, டவுன்ல ஒரு பேச்சுப் பேசிக்கறாங்க. அந்தக் கலீபாவ அவிங்க ஆளுங்களே தொரத்திப்போட்டாங்களாமா? நெசமுங்களா?"

எல்லோரும் ராவுத்தரைப் பார்த்தார்கள்.

"நெசந்தான்."

"யாரு? அந்தக் கமால் பாட்சாவா? அவரு ஜெயிச்சாருன்னு உங்களத் தோள்ல தூக்கிக் கொண்டாடுனமே, அவருங்களா?"

"அவருதான்."

"எதுக்குங்க?"

"நாட்டுக்குக் கலீபா வேண்டாம்னு சபையில முடிவு பண்ணிட்டாங்க."

செல்லமுத்து வெகுநேரம் சுவரிலிருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேலி செய்ய வரவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார்.

"அப்பறம் நம்ம ஹபீபு பொண்ணு..." என்று ஆரம்பித்தார். வார்த்தையை விழுங்கிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரனுங்க" என்று எழுந்து போனார்.

கூட்டமும் கலைந்தது. சரக்குப் போட வந்தவர்கள்கூட எடை போடச் சொல்லாமல் காத்து நின்றார்கள். ராவுத்தர் தேசப்படத்தைக் கழற்றிச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். துருக்கித் தொப்பியை அன்றே பெட்டிக்குள் வைத்தார். அடுத்த வருஷமே துருக்கியில் அந்தத் தொப்பியையும் தடை செய்துவிட்டார்கள். கடைவீதியில் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "கலீபா ராவுத்தர்" என்று கூப்பிடுகிறவர்கள் குரலில் முன்பு அன்பு இருந்தது. இப்போது அதன் ஓரத்தில் ஒரு கிள்ளல் இருந்தது. யாரும் அவரை நேரில் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.

ரமலான் பிறந்து சில நாளில், மஸ்தான் பீவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, பள்ளிபாளையத்துக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தார். மேடைப்பேச்சுக்கு ஒத்திகை பார்த்துப் பழகிய நாக்கு. இதற்கு ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. காவிரியில் தண்ணீர் சுருங்கிக் கிடந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் பாறைமேல் நூல் காயப்போட்டிருந்தார்கள். ஹபீப் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் வரவில்லை. மதீனா பீவி திரைக்குப் பின்னாலிருந்து, "வாங்கண்ணே" என்றாள். பாயை எடுத்து வெளியே தள்ளினாள்.

"நோம்புங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப தண்ணி தரலீங்க. இருங்க, கஞ்சி ஆயிட்டிருக்குது. அவரும் நோம்பு தொறக்கற நேரத்துக்கு வந்துருவாரு."

ஒன்றுமே நடக்காதது போலிருந்தது அவள் குரல். அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. உள்ளே கஞ்சி கிளறும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அந்தக் கலீபாவுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. ஒரு பையன், ஒரு பொண்ணு."

"பொண்ணு பெரிசுங்களா?"

"பத்து வயசுன்னு அப்பறம் வந்த பத்திரிகையில எழுதியிருந்தாங்க."

"அதையும் ரயில்ல ஏத்தி உட்டுட்டாங்களா?"

"ஆமா."

"அங்கெல்லாம் குளுரு சாஸ்தின்னு சொல்லுவாங்களே. பாவம், புள்ள பயந்திருக்கும்" என்றாள் மதீனா பீவி.

குத்திக்காட்டத்தான் கேட்கிறாளோ என்று ராவுத்தர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அந்தக் குரலில் அப்படி எதுவும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்தார். ஒரு ஓரம் முழுக்கப் பிய்ந்துபோனதை அவரே பிறகுதான் கவனித்தார்.

ஹபீப் வந்தான். வாசலில் அவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்" என்றான். உடை மாற்றி, கைகால் கழுவிவந்து எதிரே உட்கார்ந்தான். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை முதலில் அவர் பக்கம் நகர்த்தினான். கஞ்சியை ஊற்றினான். இரண்டு பேரும் குடித்தார்கள். தொழுதார்கள். விளக்கேற்றிய பிறகுதான் ராவுத்தர் வாயைத் திறந்தார்.

"ஹபீபு, நான் உனக்குச் செஞ்சது தப்பு. கலீபாவே இல்லைன்னு ஆயிப்போச்சு. அந்தத் துருக்கிக்காரங்களே..."

"இருங்க மச்சான்" என்றான் ஹபீப். குரலை உயர்த்தவில்லை. "நீங்க செஞ்சது தப்புன்னு துருக்கிக்காரன் சொல்லிப்போட்டான். அதனால வந்திருக்கீங்க. அவன் சொல்லாம இருந்திருந்தா? கலீபா இன்னிக்கும் அரமனையில இருந்திருந்தா? அப்ப எம்பொண்ணுக்குச் சந்தூக்கு குடுக்காதது சரியாயிருக்குமுங்களா?"

ராவுத்தர் பதில் தேடினார். சேந்தமங்கலத்தில் புறப்பட்டதிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இதற்குத்தான் வேண்டியிருந்தது. அது அவரிடம் இல்லை. ஹபீப் சொன்னது உண்மை. பத்திரிகையில் அந்தக் கால் பத்தி வந்திராவிட்டால் அவர் இந்தப் பாயில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

"தெரியல ஹபீபு" என்றார்.

"எனக்கும் தெரியலீங்க. அதனாலதான் கேட்டேன்." ஹபீப் எழுந்து, அவர் படுக்க இன்னொரு பாயை விரித்தான். "ராத்திரி வண்டி கெடைக்காது. விடியறதுக்குள்ள ஸஹர் சாப்பாடு சாப்புட்டுட்டுக் காலையில போங்க."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து இருந்தது. கல்யாணத்துக்கு வந்தான், பெருநாளுக்கு அக்காளுக்குச் சேலை அனுப்பினான். ராவுத்தரிடம் கேட்டதற்குப் பதில் சொன்னான். தானாக ஒரு பேச்சை எடுத்ததில்லை. அவனுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களை மாமா வீட்டில் விடுமுறைக்கு விட்டதில்லை.

வருஷங்கள் ஓடின. ராவுத்தர் மண்டியில் பத்திரிகை படிப்பதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் தனியாகப் படிப்பார். கலீபாவின் அந்த மகள் வளர்ந்து, ஹைதராபாத் நிஜாமின் மகனுக்கு வாழ்க்கைப்பட்ட செய்தி வந்தபோது, அதை யாருக்கும் சொல்லாமல் எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். ஹிட்லர் கிளம்பினான். சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் சேலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். "கலீபாத்தா, யாரு ஜெயிப்பாங்க?" என்று இளவட்டங்கள் கேட்டால், "எனக்குத் தெரியாது சாமி" என்பார். அவரை ஏன் கலீபா என்று கூப்பிடுகிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. பெரிய படிப்பாளி, அதனால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1946 தேர்தல் வந்தது. ஊரில் முஸ்லிம் லீக் அலை. கடைவீதியில் எண்ணெய்க்கடை வைத்திருந்த ஷேக் தாவூது ஒருவர் மட்டும் காங்கிரஸுக்கு வேலை செய்தார். பிடிவாதக்காரர். கதர்த் துண்டைக் கடை வாசலிலேயே காயப்போடுவார். அவரை என்ன செய்வது என்று ஜமாஅத் கூடியது. ராவுத்தரும் போய் ஒரு தூணோரம் உட்கார்ந்தார். அவருக்கு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜமாஅத் நிர்வாகியான முத்தவல்லியின் மகன், மீசை அரும்பிய காலத்திலேயே நன்றாகப் பேசக் கற்றவன், எழுந்தான். தாவூது கடையில் யாரும் எண்ணெய் வாங்கக் கூடாது, அவர் வீட்டு நல்லது கெட்டதற்குப் போகக் கூடாது என்றான்.

"இது இன்னிக்குப் புதுசா வெக்கற கட்டுப்பாடு இல்ல. நம்ம ஜமாஅத்துல ஏற்கெனவே இருக்கற வழக்கந்தான். கலீபாத்தா காலத்துல, சொந்த மச்சான்னுகூடப் பாக்காம ஒதுக்கி வெச்சாங்கன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கோம். அப்பிடி இருந்ததனாலதான் ஒத்துமை நின்னுச்சு."

எல்லோரும் மரியாதையோடு தூண் பக்கம் திரும்பினார்கள். சிலர் தலையசைத்தார்கள். ராவுத்தருக்குக் காது மடல் எரிந்தது. பழித்த பேச்சை இருபது வருஷமாகச் சகித்துப் பழகியிருந்தார். புகழ்ந்து பேசியதைக் கேட்க அவரால் முடியவில்லை.

கையூன்றி எழுந்தார். சொல்ல வேண்டியது முழுதும் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குச் சந்தூக் கொடுக்கவில்லை, கேட்டு வந்தவரிடம் நான் பேசவில்லை என்று சொன்னால் போதும். ஆனால் அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் ஜொகரா என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள். இத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் அந்தப் பெயரை எடுத்து வைப்பதற்கு, அதுவும் ஒரு கட்சிச் சண்டையில் சாட்சியாக வைப்பதற்கு, தனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றியது.

"வேண்டாம்" என்றார்.

"ஏனுங்கத்தா?"

"வேண்டாம்ப்பா. நான் தாவூது கடையிலதான் எண்ண வாங்குவேன்."

மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று கூட்டம் காத்திருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். வயசாகிவிட்டது, பாவம் என்பதுபோல முத்தவல்லியின் மகன் சிரித்துக்கொண்டு மேலே பேசினான். கட்டுப்பாடு நிறைவேறியது. காரணத்தைச் சொல்லியிருந்தால் நிறைவேறாமல் போயிருக்குமோ, என்னவோ. அதற்கும் சேர்த்து அவர் வெட்கப்பட்டார்.

கூட்டம் முடிந்து நேரே தாவூது கடைக்குப் போனார். கடையில் ஈ காக்கை இல்லை. தாவூது அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு வர்றாங்க, போறாங்கன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?"

"இல்ல. எண்ண வேணும். நல்லெண்ண."

"கட்டுப்பாடு போட்டாச்சுன்னு சேதி வந்துருச்சு. தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

தாவூது நம்பவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. படியை எடுத்து, அளந்து, கடையிலிருந்த ஒரு பாத்திரத்தில் ஊற்றி நீட்டினார். ராவுத்தர் அதை வாங்கிக்கொண்டு, துண்டால் மூடாமல், கடைவீதி நடுவாக நடந்து வீட்டுக்கு வந்தார். சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவரும் மெதுவாக நடந்தார்.

மஸ்தான் பீவி பாத்திரத்தை வாங்கி மோந்து பார்த்தாள்.

"போன வாரந்தானுங்க வாங்குனோம். பானையில அப்பிடியே இருக்குது."

"இருக்கட்டும். இதையும் ஊத்தி வை."

அவள் வேறொரு பானையைத் தேடி எடுத்துக் கழுவினாள். அடுத்த வாரமும் அவர் வாங்கிவந்தார், அதற்கடுத்த வாரமும். தேர்தல் முடிந்து, சூடு தணிந்து, ஒவ்வொருவராகத் தாவூது கடைக்குத் திரும்பிப்போய் ஒன்றும் நடக்காதது போல எண்ணெய் வாங்கினார்கள். தாவூதிடம் ஒருவரும் மன்னிப்பாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு ஆன மாதங்கள் முழுக்க, சண்டை முடிந்தும் தீராமல் ஊரெல்லாம் எண்ணெய்க்குத் தட்டுப்பாடாக இருந்தபோது, கலீபா ராவுத்தர் வீட்டில் மட்டும் பானை பானையாக நிறைந்து நின்றது.